புற்றுநோய் வேதிச்சிகிச்சை

புற்றுநோய் வேதிச்சிகிச்சை (கீமோதெரபி) என்பது உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கும் மருந்துகளால் புற்றுநோயை அழிக்கும் அல்லது கட்டுப்படுத்தும் மருத்துவ முறையாகும். இம்மருந்துகள் குருதி வழியாக உடல் முழுவதும் செல்வதால், இரத்தப் புற்றுநோய் போன்று ஓரிடத்தில் நில்லாத நோய்களுக்கு இதுவே முதன்மையான மருத்துவமாகும். இதன் வரலாற்றில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவுக்கும், தமிழ்நாட்டில் எங்கும் காணப்படும் நித்தியகல்யாணிச் செடிக்கும் இடமுண்டு.

உயிரணுப் பிரிவு பிழைபடுதல்

பிரிவதற்கு முன் உயிரணு தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது. பின்னர் நுண்குழல்களாலான கதிர் இழைகள் குரோமோசோம்களை இரு முனைகளுக்கும் இழுக்க, இரு சேய் உயிரணுக்கள் உருவாகின்றன. டி.என்.ஏ. சேதமுற்றிருந்தால் பி53 என்னும் புரதம் பிரிவை நிறுத்துகிறது; சேதம் சீராகாவிடில் அவ்வுயிரணுவை அழியச் செய்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்தப் பி53 மரபணுவே மாறியிருக்கிறது. எனினும் பெரும்பாலும் ஒரு பிழை மட்டும் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. பல பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரவேண்டும்.

புற்றுநோய் உயிரணுக்களே மிக வேகமாகப் பிரிபவை என்னும் பரவலான கருத்து சரியன்று. எலும்பு மச்சையிலும் குடலின் உட்படலத்திலும் உள்ள நலமான உயிரணுக்கள் பல கட்டிகளின் உயிரணுக்களைவிட விரைந்து பிரிகின்றன. ஆனால் அவை வேண்டிய அளவில் நின்றுவிடுகின்றன. மருந்து இவ்வேறுபாட்டை அறியாது. பிரியும் உயிரணு எதுவாயினும் தாக்கும். முடி உதிர்தல், வாய்ப்புண், வெள்ளையணுக் குறைவு ஆகியவற்றுக்கு இதுவே காரணம்.

மெத்தோட்ரெக்சேட்டு

டி.என்.ஏ.யைப் படியெடுக்க ஃபோலிக் அமிலம் தேவை. அதன் உருவை ஒத்த போலி மூலக்கூறு ஒன்றைக் கொடுத்தால் படியெடுப்பு நின்றுவிடும். 1895இல் பீமவரத்தில் பிறந்து, 1922இல் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழு இத்தகைய அமினோப்டெரினை உருவாக்கியது. (கதராடை அணிந்ததால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, சென்னையில் எம்.பி.பி.எஸ். பட்டத்தினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றவர் இவர்.) பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இம்மருந்தை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார், 10 பேர் தேறினர் என 1948 சூனில் அறிவித்தார். ஆனால் அத்தேற்றம் நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. அவ்வாண்டு ஆகத்து மாதம் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் இடத்தைப் பின்னர் மெத்தோட்ரெக்சேட்டு பிடித்தது.

வின்கிரிசுட்டின்

நித்தியகல்யாணி மடகாசுகரைத் தாயகமாகக் கொண்டது. இடுகாடுகளில் வளர்வதால் சுடுகாட்டு மல்லி எனவும் அழைக்கப்படும் இச்செடியிலிருந்தே, குழந்தைகளின் உயிர்காக்கும் வின்கிரிசுட்டின் கிடைக்கிறது. 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. கதிர் இழைகள் இன்றி, குரோமோசோம்கள் பிரிய இயலாமல் உயிரணு நடுவழியில் நின்று மடிகிறது. நரம்புகளிலும் நுண்குழல்கள் உண்டு. எனவே கைகால் மரத்துப்போதல் இதன் பக்கவிளைவு ஆகும். இதனைச் சிரை வழியாக மட்டுமே செலுத்தவேண்டும். தவறுதலாகத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தினால் பெரும்பாலும் உயிரிழப்பு நேரும். செடி எளிதில் வளர்ந்தாலும், ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர் இலைகள் தேவைப்படுகின்றன.

நெடுநாள் மருத்துவத்தின் தேவை

ஒவ்வொரு சுற்று மருந்தும் நோய் உயிரணுக்களில் ஒரு விகிதத்தையே கொல்கிறது. இலட்சம் கோடி உயிரணுக்களில் 99.9 விழுக்காடு அழிந்தாலும் நூறு கோடி எஞ்சும். அப்போது குழந்தை நலமாக விளையாடிக் கொண்டிருக்கும். நுண்நோக்கியிலும் நோய் தென்படாமல் போகலாம். ஃபார்பரின் நோயாளிகளுக்கு நேர்ந்தது இதுவே. ஆகவே வெவ்வேறு நிலைகளில் பிரிவைத் தடுக்கும் பல மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. கடிய நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோய்க்கான மருத்துவம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கிறது. இடையில் தேறிவிட்டதாகக் கருதியும், பணமின்றியும் மருத்துவத்தை நிறுத்தும் குடும்பங்கள் இந்தியாவில் பல.

தமிழ்நாட்டில்

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையம், 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவை அமைத்தது. 1984இல் இந்நிலையமும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் இணைந்து எம்.சி.பி.841 என்னும் கூட்டு மருத்துவத்தைத் தொடங்கின. மருத்துவர் வி. சாந்தா இதில் முதன்மைப் பங்கு வகித்தார். அதற்கு முன் நீண்டநாள் பிழைத்தோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இம்முறையில் நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர், மருத்துவமனையைப் பொறுத்து, ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு ஆயினர். வின்கிரிசுட்டினும் மெத்தோட்ரெக்சேட்டும் இம்மருந்துகளில் அடங்கும்.