முல்கோவால் குப்பி

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்றொரு கிராமம்; இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அன்றைக்கு அங்கே பிளேக் தடுப்பூசி முகாம். பம்பாயிலிருந்து வந்திருந்த ஐந்து குப்பிகளைத் திறந்து 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு வாரம் கழிந்தது. அவர்களில் 19 பேருக்குத் தாடை இறுகியது, உடம்பு விறைத்தது, முதுகு வில்லாக வளைந்தது. ரண ஜன்னி. டெட்டனஸ் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். 19 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்த 19 பேருக்கும் மருந்து ஒரே குப்பியிலிருந்து போயிருந்தது. மற்ற நான்கு குப்பிகளிலிருந்து போட்டுக்கொண்ட 88 பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே விசாரணை அந்த ஒற்றைக் குப்பியைச் சுற்றி நடந்தது. தண்டனை போய்ச் சேர்ந்ததோ முல்கோவாலை அன்றுவரை கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு மனிதருக்கு. வால்டெமார் ஹாஃப்கின். காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்டவர்.

1860ல் ஒடெசாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாஃப்கின். ரஷ்யாவின் ஜார் ஆட்சியில் யூதனாகப் பிறந்தவனுக்குப் பல்கலைக்கழக வேலை எட்டாக்கனி. மதம் மாறினால் வழி திறக்கும். அவர் மாறவில்லை. யூதர்களை வேட்டையாடிய கலவரக் கும்பலைத் தடுத்து நின்றதற்காகக் கைதும் ஆனார். அவரை மீட்டு வந்தவர் ஆசிரியர் மெச்னிகோவ். ஊரை விட்டுப் பாரிஸ் போன ஹாஃப்கினுக்குப் பாஸ்டர் நிறுவனத்தில் கிடைத்தது உதவி நூலகர் வேலை. நூலகத்தில் சம்பளம், ஓய்ந்த நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் கிருமி. இப்படித்தான் அவர் காலராவிடம் வந்து சேர்ந்தார்.

கினிப்பன்றியின் வயிற்றறைக்குள் காலராக் கிருமியைச் செலுத்துவார். அதிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு. 39 முறை இப்படிக் கடத்தியதில் கிருமியின் வீரியம் பல மடங்கு ஏறியது. இன்னொரு பக்கம், சூடான காற்றோட்டத்தில் வளர்த்து வீரியம் குன்றிய கிருமியையும் உருவாக்கினார். முதலில் குன்றியது, சில நாள் கழித்து வீரியமுள்ளது என்று இரண்டு ஊசி. 1892 ஜூலை 18 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. அந்த மாதமே முடிவுகளை அறிஞர் சபையில் படித்தார்.

பாரிஸில் அப்போது பிரிட்டனின் தூதராக இருந்தவர் டஃபரின் பிரபு. முன்பு இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். காலராவின் தாய்வீடு வங்காளம்தானே, அங்கே போய்ச் சோதித்துப் பாரும் என்று வழி காட்டினார். 1893ல் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்து இறங்கினார். மருத்துவப் பட்டம் இல்லாத விலங்கியல்காரர், அதிலும் ரஷ்யர். ஆங்கிலேய அதிகாரிகளில் சிலர் அவரை உளவாளி என்றே சந்தேகித்தார்கள். இந்திய மருத்துவப் பணியின் ராணுவ டாக்டர்களுக்கோ வெளியாள் ஒருவர் வந்து தங்களுக்குப் பாடம் சொல்வது பிடிக்கவே இல்லை.

முதல் ஆண்டு வட இந்தியாவில் ஆக்ரா தொடங்கி ஊர் ஊராகப் போய் ஏறக்குறைய 23,000 பேருக்கு ஊசி போட்டார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பி வந்தவர்களுக்கு மட்டும். ஆனால் ஊசி வேலை செய்கிறதா என்று நிரூபிக்க அது போதவில்லை. நோய் எந்த ஊருக்கு வரும், எந்த ஊரை விட்டுவிடும் என்று யாருக்குத் தெரியும்? ஒரே தண்ணீரைக் குடிக்கும், ஒரே வரிசை வீடுகளில் இருக்கும் மக்களில் பாதிப் பேர் போட்டுக்கொண்டு, பாதிப் பேர் போட்டுக்கொள்ளாமல் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அந்த வாய்ப்பு 1894 மார்ச்சில் கல்கத்தாவிலேயே கிடைத்தது. கட்டல் பாகான் என்ற குடிசைப் பகுதி. ஒரு குளம், அதைச் சுற்றி ஓலைக் குடிசைகள், ஏறத்தாழ 200 பேர். குளிப்பது, துவைப்பது, குடிப்பது எல்லாம் அந்தக் குளத்தில். அதில் காலராக் கிருமி இருப்பதை ஹாஃப்கின் கண்டார், சாவும் தொடங்கியிருந்தது. நகரச் சுகாதார அதிகாரி சிம்ப்சன் அழைத்துப் போனார். ஊசியோடு வந்தவர்களைப் பார்த்ததும் கூட்டம் முறைத்தது, கல் வீசியது. ஹாஃப்கினோடு இருந்த வங்காள டாக்டர்கள் சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் நால்வரும் கூட்டத்தின் நடுவில் நின்று தங்களுக்கு ஊசி போடச் சொன்னார்கள். ஹாஃப்கினும் சட்டையை விலக்கிக் காட்டித் தனக்குப் போட்டுக்கொண்டார். அந்தப் பகுதியில் 116 பேர் முன்வந்தார்கள். பிறகு அங்கே பத்துப் பேருக்குக் காலரா வந்தது, ஏழு பேர் இறந்தார்கள். பத்துப் பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்.

இந்தத் தொடருக்காகப் படித்த எத்தனையோ சோதனைகளில் கட்டல் பாகான் குளக்கரைதான் என்னை மிகவும் தொடுகிறது. பயந்துபோன மக்களிடம் அறிவியல் பேசுவதற்கு அந்த ஐந்து பேர் கண்ட வழியைவிட நேர்மையான வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி துறைமுகப் பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் ஒரு நோயாளியைப் பார்த்து, இது பிளேக் என்றார். அக்டோபரில் அரசு ஹாஃப்கினை வரவழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும், ஒரு எழுத்தர், மூன்று சேவகர்கள். மூன்றே மாதத்தில் தடுப்பூசி தயாராகிவிட்டது.

அந்தத் தயாரிப்பு முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குடுவையில் ஆட்டுக்கறிச் சாறு. மாட்டிறைச்சி என்றால் இந்துக்களும், பன்றி என்றால் முஸ்லிம்களும் மறுப்பார்கள் என்பதால் ஆடு. சாற்றின் மேல் சில சொட்டு நெய். பிளேக் கிருமி அந்த நெய்த் துளியைப் பற்றிக்கொண்டு, அதன் அடியிலிருந்து ஆலம் விழுது போல நூல் நூலாகக் கீழே தொங்கி வளரும். வேறு கிருமி கலந்திருந்தால் விழுது இப்படித் தொங்காது. கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அவ்வப்போது குடுவையைக் குலுக்கினால் விழுதுகள் உதிர்ந்து அடியில் தங்கும், நெய்யடியில் புதிதாக வளரத் தொடங்கும். சில வாரங்கள் இப்படி வளர்த்து, 65 முதல் 70 டிகிரி வரை ஒரு மணி நேரம் சூடாக்கிக் கிருமியைக் கொன்றுவிடுவார்கள். பிறகு கொஞ்சம் கார்பாலிக் அமிலம் சேர்த்துக் குப்பியில் அடைப்பார்கள். செத்த கிருமியே உடம்புக்குக் காவல் கற்றுக்கொடுத்துவிடும் என்பது ஹாஃப்கினின் கணக்கு.

1897 ஜனவரி 10 அன்று 10 மில்லி தனக்குப் போட்டுக்கொண்டார். பின்னாளில் மற்றவர்களுக்குப் போட்டதைப் போல நான்கு மடங்கு. கடும் காய்ச்சலிலும் வேலைக்குப் போனார். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊசிக்கு ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் நோய் வந்தவர்கள் 2 பேர், இருவரும் பிழைத்தார்கள்.

இதே மாதங்களில் அரசு வேறொரு வழியில் பிளேக்கோடு போராடிக்கொண்டிருந்தது. 1897ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள், பெண்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள், நோயாளிகளை முகாமுக்கு இழுத்துப் போனார்கள். பிளேக் நோயாளிகளைப் பராமரித்த சாவித்திரிபாய் புலே அந்த நோயிலேயே மார்ச் 10 அன்று இறந்தார். பிளேக் அதிகாரி ராண்டை ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அரசாங்கம் எதைச் செய்தாலும் மக்கள் நடுங்கிய காலம் அது. ஊசியையும் அந்தப் பட்டியலில்தான் சேர்த்திருப்பார்கள். ஆனால் இஸ்மாயிலிகளின் தலைவரான இளம் ஆகாகான் தம் மக்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக்குத் தம் மாளிகையையே விட்டுக்கொடுத்தார். 1899ல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகை பிளேக் ஆய்வுக்கூடமானது.

1902ல் பஞ்சாப் அரசு லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போடத் திட்டமிட்டது. மருந்து வேகமாக வேண்டும் என்று பரேலை நெருக்கியது. நெய்ச் சாறு வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை. அதனால் ஹாஃப்கின் விரைவான ஒரு முறைக்கு மாறினார். அதில் கார்பாலிக் அமிலம் சேர்க்கவில்லை. பாஸ்டர் நிறுவனத்திலும் அப்படித்தான் செய்துவந்தார்கள். சூடே போதும் என்பது அவர் கருத்து. இந்த ஒரு மாற்றம்தான் பிறகு அவர் கழுத்தைச் சுற்றியது.

ஏனென்றால் விசாரணைக் குழு இதைப் பிடித்துக்கொண்டது. பம்பாய் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையில் அமைந்த குழு அது. டெட்டனஸ் கிருமி குப்பி திறக்கப்படும் முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும், கார்பாலிக் அமிலத்தை விட்டது தவறு என்று முடிவு கட்டியது. ஹாஃப்கினைச் சம்பளமில்லாமல் விலக்கி வைத்தார்கள். 1904ல் அவர் இந்தியாவை விட்டுப் போனார். முழு அறிக்கை வெளியே வந்ததோ 1906 இறுதியில். அதுவரை அவருக்கு எதிரான சான்று என்னவென்று உலகுக்குத் தெரியாது.

அறிக்கை வெளிவந்த பிறகுதான், மலேரியாக் கொசுவைக் கண்ட ரொனால்ட் ராஸ் அதை வரி வரியாகப் படித்தார். முல்கோவாலில் நடந்தது அந்தப் பக்கங்களுக்குள்ளேயே இருந்தது. குப்பியைத் திறக்க உதவியாளர் ஒருவர் இடுக்கியை எடுத்தார். அது கை தவறித் தரையில் விழுந்தது. எடுத்து, கார்பாலிக் கரைசலில் அலசி, அதே இடுக்கியால் தக்கையைப் பிடுங்கினார். டெட்டனஸ் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் காலம் காலமாகக் கிடப்பவை. கார்பாலிக் கரைசலில் ஒருமுறை முக்கி எடுத்தால் அவை சாவதில்லை. தீயில் காட்டினால்தான் சாகும். பம்பாய் ஆய்வுக்கூடம் தந்த குறிப்பு தீயில் காட்டத்தான் சொன்னது. அதை எளிமையாக்குகிறோம் என்று கரைசலாக மாற்றியது பஞ்சாபின் பிளேக் நிர்வாகம்.

இன்னும் இரண்டு சான்றுகள். குப்பியில் மருந்தை அடைத்து 41 நாள் ஆகியிருந்தது. டெட்டனஸ் கிருமி அத்தனை நாள் அதற்குள் வளர்ந்திருந்தால் தக்கையை எடுத்ததுமே நாற்றம் குடலைப் பிடுங்கும். ஊசி போட்ட டாக்டர் முகர்ந்து பார்த்திருக்கிறார், நாற்றமே இல்லை. இரண்டாவது, நோய் தெரிய ஒரு வாரம் ஆனது. நாற்பது நாள் நஞ்சு சேர்ந்த மருந்தாக இருந்தால் அத்தனை நாள் காத்திருக்காது. அப்போதுதான் விழுந்த சில வித்துகள் உடம்புக்குள் முளைத்தன என்று கொண்டால் மட்டுமே ஒரு வாரக் கணக்கு பொருந்தும்.

இதில் அந்த உதவியாளரைக் குற்றவாளியாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. கரைசலில் முக்கினால் போதும் என்று மேலிடம் சொன்னது, அவர் முக்கினார். வெயிலில், வரிசையில் நூறு பேர் காத்திருக்கும்போது ஒருவர் கை தவறுவது இயற்கை. தவறிய பிறகும் உயிரைக் காக்கத்தான் தீ என்ற ஒரு படி இருந்தது. வேகத்துக்காக அந்தப் படியை எடுத்தவர்கள் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள். 19 குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. ஆனால் மருத்துவப் பட்டமில்லாத, வெளிநாட்டு, யூத விஞ்ஞானியைக் கைகாட்டுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. பிரான்ஸில் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸை நினைத்து, இதைச் சின்ன டிரைஃபஸ் வழக்கு என்று ஐரோப்பாவில் சொன்னவர்கள் மிகைப்படுத்தவில்லை.

1907 ஜூலை 29 லண்டன் டைம்ஸில் ராஸும் சிம்ப்சனும் அமெரிக்காவின் சைமன் ஃப்ளெக்ஸ்னரும் உட்படப் பத்து விஞ்ஞானிகள் கையெழுத்திட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அரசு இறங்கிவந்து ஹாஃப்கினுக்கு மீண்டும் வேலை கொடுத்தது. பரேலில் அல்ல, கல்கத்தாவில். அங்கே புதுத் தடுப்பூசியை மக்களிடம் சோதிக்க அவருக்கு அனுமதி இல்லை. குற்றம் நீங்கியது, ஆனால் குற்றவாளிபோல நடத்துவது நீங்கவில்லை. கட்டல் பாகானில் கூட்டத்துக்குள் நுழைந்தவர் மிச்ச வருடங்களை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே கழித்துவிட்டு, ஓய்வு பெற்று ஐரோப்பா போனார். 1930ல் லோசானில் இறந்தார்.

பரேலில் மருந்து தயாரிப்பு நிற்கவே இல்லை. 1897 முதல் 1925 வரை அங்கிருந்து வெளியே போன பிளேக் தடுப்பூசி 2.6 கோடி டோஸ். 1925ல் அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் வைத்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

காலராக் கிருமியை உடம்பு எதிர்க்கும்படி செய்தாரே தவிர, அந்தக் கிருமி மனிதனை எப்படிக் கொல்கிறது என்பது ஹாஃப்கினுக்குத் தெரியாது. அன்று யாருக்குமே தெரியாது. கிருமியை வடிகட்டி நீக்கிய வெறும் திரவமே முயலின் குடலைத் தண்ணீரால் நிரப்பிவிடும் என்று 1959ல் காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. அவர் அதைக் கண்டுபிடித்த விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)