தனியொருவரே சான்று

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரே தீயில் வெந்த அரிசிக்கு அது பொருந்தும்; மாணவர்க்குப் பொருந்துமோ? வகுப்பின் சராசரிப் புள்ளி 50 என்று ஆசிரியர் எழுதுகின்றார். அவ்வகுப்பிலே 50 புள்ளி பெற்றவன் ஒருவனேனும் இல்லாதிருத்தலுங் கூடும். பலரைக் கூட்டி வகுத்தலன்றி, ஒருவரையே நாடோறும் நோக்கி உண்மை காணுதற்கு அறிவியலாளர் வழிதேடிய வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞர் குளோட் பேர்னாட் 1865 இல் வெளியிட்ட நூலிலே சராசரியை எள்ளி நகையாடினார். பல நாட்டவரும் வந்துபோகும் புகையிரத நிலையமொன்றிற் சிறுநீரைச் சேர்த்து ஆராய்ந்து, ‘ஐரோப்பியரின் சராசரிச் சிறுநீர்’ இதுவெனக் கூற முற்பட்ட ஒருவரை அவர் எடுத்துக்காட்டினார். ஜெர்மானிய அறிஞர் எபிங்கவுஸ் ஞாபகசக்தியை ஆராய்ந்து 1885 இல் நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனனஞ் செய்தவரும், மறந்தவரும், மறதியை அளந்தவரும் அவர் ஒருவரே.

1925 இல் பிஷர் என்பாரின் புள்ளிவிபரவியல் நூல் வெளிவந்த பின்னர், கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிடும் முறை உளநூலிலும் மேலோங்கிற்று. அதற்கு மாறாக, அமெரிக்கரான ஸ்கின்னர் தனி விலங்கொன்றின் செயலை இடையறாது பதிவுசெய்து, 1938 இல் தம் முடிபுகளை வெளியிட்டார். அம்முறைக்குரிய அளவைநெறியை 1960 இல் சிட்மன் விளக்கினார்.

தனியொருவரிடத்து நிரூபணம் எங்ஙனம் அமையும்? முதலில் உள்ள நிலை பலநாள் அளக்கப்படும்; அஃது அடிநிலை. பின் ஒன்றை மாற்றி அளப்பர். மாற்றியதை நீக்கி அளப்பர். மீண்டும் புகுத்தி அளப்பர். நடத்தையும் ஒவ்வொரு முறையும் உடன்மாறின், காரணம் புலனாகும். 1964 இல் வெளியான வாஷிங்டன் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலை ஆய்வு இதற்குத் தக்க உதாரணம். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பிற குழந்தைகளோடு சேராது ஒதுங்கியிருந்தாள். ஐந்து நாள் அளந்தபோது, நேரத்தில் ஏறத்தாழ 10 வீதமே அவள் குழந்தைகளோடு பழகினாள். தனித்திருக்கையில் இரங்கி அருகணைந்த ஆசிரியைகள், அதன்பின் அவள் குழந்தைகளோடு சேரும்போது மட்டுமே கவனிப்பை அளித்தனர். பழகும் நேரம் 60 வீதத்தை அண்மியது. கவனிப்பைப் பழையவாறு மாற்றவே அது வீழ்ந்தது; மீண்டும் திருத்தவே உயர்ந்தது. அன்பினாற் செய்ததே அவள் தனிமையை வளர்த்ததென்பது இங்ஙனம் வெளிப்பட்டது. இம்முறையிற் பரீட்சைக்குள்ளாவது குழந்தை மட்டுமன்று, ஆசிரியரின் செய்கையுமாம்.

ஆயின், திருந்திய குழந்தையைச் சின்னாளேனும் பழைய நிலைக்குத் தள்ளுதல் தகுமோ? மேலும், வாசிக்கக் கற்றவன் கற்றதை மீட்டுத் தரமாட்டான். 1968 இல் தொடங்கிய பிரயோக நடத்தைப் பகுப்பாய்வுச் சஞ்சிகையில் பேயர், வூல்வ், றிஸ்லி மூவரும் இதற்கு மாற்றுவழியையும் விளக்கினர். பல அடிநிலைகளை ஒருங்கே அளந்து, மாற்றத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் புகுத்துவதே அது. 1970 இல் அதே சஞ்சிகையில் வந்த ஹோலும் பிறரும் எழுதிய கட்டுரை, ஆசிரியரும் பெற்றோருமே ஆராய்ச்சியாளராகலாம் என்று காட்டிற்று. அதில் வரும் பிரெஞ்சுமொழி வகுப்பு மாணவர் மூவருக்கு, குறைந்த தரம் பெறின் பாடசாலை விட்டபின் தங்கிக் கற்கும் ஒழுங்கு வெவ்வேறு நாட்களிற் புகுத்தப்பட்டது. அவரவர்க்கு அது வந்த பின்னரே அவரவர் தரம் உயர்ந்தது. எவரையும் பின்தள்ளாமலே காரணம் தெளிவாயிற்று.

எனினும் 1972 இல் வினெற், விங்க்ளர் என்னும் இருவர் அச்சஞ்சிகையிலேயே ஒரு கண்டனம் எழுப்பினர். அசையாதிருத்தல், பேசாதிருத்தல், பணிந்திருத்தல் என்பவற்றையே வகுப்பறை ஆய்வுகள் வளர்க்கின்றன என்றனர். அது நியாயமான கண்டனமே. நடத்தை மாறியதா என்பதை அளவுகோல் கூறும். மாறவேண்டியது எது என்பதை அது கூறாது. ஒருவரிடத்துக் கண்டது யாவர்க்கும் விதியுமாகாது. பிறரிடத்தும் மீளமீளச் சோதித்தல் வேண்டும்.

மாணவன் கல்லாவிடின் ‘இவன் மந்தபுத்தியுடையவன்’ என்று கூறிவிடுதல் எளிது. அங்ஙனங் கூறுமுன், அவனை நாடோறும் அளந்தோமா, நம் செய்கையில் ஒன்றையேனும் மாற்றிப் பார்த்தோமா என வினவுதல் ஆசிரியராகிய நம் கடன். இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.