வல்வெட்டித்துறைக் கப்பல்கள்: கட்டும் முறையும் ஓட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த கடல் ஒரே தன்மையுடையதன்று. தெற்கிலும் மேற்கிலும் உள்ள களப்பும் பாக்குநீரிணையும் ஆழம் குறைந்தவை. வடக்கே வடமராட்சிக் கரையை ஒட்டிச் சுண்ணக்கல் பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. அவற்றைத் தாண்டினால் கிழக்கே வங்கக்கடல் திறக்கிறது. இந்த இரண்டு வகைக் கடலுக்கும் ஏற்றபடியே குடாநாட்டின் கலங்களும் இரண்டு வழிகளில் வளர்ந்தன.

ஆழமில்லாத கடலுக்கு உரியவை சிறு பாய்த்தோணிகள். அடிப்பாகம் ஆழமாக இறங்கினால் மணலில் தட்டும் என்பதால் அவற்றுக்குக் கனத்த ஏராக்கட்டை (அடிமரம்) வைக்க முடியாது. ஆனால் பாயில் காற்று அழுத்தும்போது தோணி சாயாமல் தாங்க ஏதேனும் எடை வேண்டும். பாக்குநீரிணையின் தோணிக்காரர் இதற்குக் குறுக்கே ஒரு நீண்ட பலகையைக் கட்டி, காற்று வரும் பக்கமாக அதை வெளியே நீட்டி, ஆட்களை அதன்மேல் ஏற்றினர். காற்று கூடினால் ஆள் இன்னும் வெளியே நகர்வார். தணிந்தால் உள்ளே வருவார். இன்றைய பந்தயப் படகுகளில் மாலுமிகள் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்துத் தொங்குவதும் இதே தத்துவம்தான். உயிருள்ள எடையை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம் என்பதில், அடியில் ஈயம் பொருத்திய படகைவிடக்கூட இந்த ஏற்பாடு நுட்பமானது.

பெருங்கடலுக்கான கலம் வேறு. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களிலிருந்து ஓடிய பாய்க்கப்பல்கள் தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கும், கேரளக் கரைக்கும், ரங்கூனுக்கும் போய்வந்தன. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் நெடுங்காலம் முக்கியச் சந்தையாக இருந்தது. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. மேற்குக் கரையிலிருந்து ஓடு வந்தது. கப்பலின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்தச் சரக்குதான். புகையிலைச் சிப்பம் இடத்தை அடைக்கும், எடை குறைவு. அதை மட்டும் ஏற்றினால் கப்பல் தலைகனத்து ஆடும், எனவே அடியில் மணலோ கல்லோ இட வேண்டும். ஓடு ஏற்றினால் அதுவே அடிபாரமாகிவிடும். ஆக, இக்கப்பல்களின் நிலைப்புக்கு நிரந்தரமான ஈயப் பாரம் இல்லை. ஒவ்வொரு பயணத்திலும் கப்பல் தலைவரான தண்டையல் சரக்கை அடுக்கும் திறமையே அந்த வேலையைச் செய்தது.

கட்டுமானம் வரைபடத்தில் தொடங்கவில்லை. தலைமைத் தச்சரான மேத்திரியாரின் கண்ணளவும் கைக்கணக்கும் போதும். முதலில் ஏராவை நேராக நீட்டி வைத்து, முன்னே அணியத்துக்கும் பின்னே அமரத்துக்கும் மரங்களை நிறுத்தி, விலாக்களான வங்குக்கால்களைப் பொருத்தி, அதன்மேல் பலகை அறைவார்கள். வேம்பு, இலுப்பை, தேக்கு முதலியவை பயன்பட்டன. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அடித்து இறுக்கி, மேலே குங்கிலியம் கலந்து காய்ச்சிய எண்ணெயைப் பூசுவது கலப்பற்று. நனைந்த மரம் ஊதிப் பலகைகள் நெருங்கும்போது இந்தத் திரி மேலும் இறுகும். கலப்பற்று சரியில்லையென்றால் எவ்வளவு நல்ல மரமும் பயனில்லை.

இப்படிக் கட்டியவற்றுள் உலகப் புகழ்பெற்றது ‘அன்னபூரணி அம்மாள்’. 1930 இல் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட இந்த இரட்டைப் பாய்மரக் கப்பலின் நீளம் 89 அடி, அகலம் 19 அடி. அதாவது நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய நாலே முக்கால் மடங்கு. சரக்குக் கப்பலுக்கு இது மெலிந்த உடல்தான். முன்மரத்தில் குறுக்குப் பருமல்களில் தொங்கும் சதுரப் பாய்களும், பின்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் விரியும் பாயும் கொண்ட இவ்வகையைப் ‘பிரிகன்டைன்’ என்பர். பின்னிருந்து வீசும் காற்றில் சதுரப் பாய் நிகரற்றது. எதிர்க்காற்றில் அது பலவீனம்: சதுரப் பாய்க் கப்பல் காற்றின் திசைக்கு ஏறத்தாழ 65 பாகையைவிடக் கிட்டே போக இயலாது, ஆழ்ந்த ஏரா உள்ள இன்றைய பாய்ப்படகு 45 பாகை வரை நெருங்கும். நீளவாட்டுப் பாய் இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுசெய்கிறது. ஆனால் வல்வெட்டித்துறையாருக்கு இது பெருங்குறையாக இருக்கவில்லை. தென்மேற்குச் சோளகத்தில் கிழக்கே ரங்கூனுக்கு ஓடி, வடகிழக்கு வாடையில் திரும்புவது அவர்களுடைய கணக்கு. காற்றோடு மல்லுக்கட்டும் வடிவத்தைவிடக் காற்றின் பருவத்தை அறிந்த தண்டையல் மலிவானவர், நம்பகமானவர்.

இக்கப்பலை வாங்கியவர் அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன். ஜோன் ஆல்டன் வடிவமைத்த ‘ஸ்வாப்’ என்ற 32 அடி 6 அங்குலப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர் அவர். சிறு படகின் எல்லா நுணுக்கங்களும் அறிந்த அவர் ஒரு வேப்பமரச் சரக்குக் கப்பலை விரும்பி வாங்கியது, மேத்திரியார்களின் வேலைக்குக் கிடைத்த பெரும் சான்று. தம் மனைவியின் பெயரால் கப்பலுக்கு ‘ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவருடன் 1937 இல் புறப்பட்ட அது, சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஓகஸ்ட் 1 அன்று மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பழகிய காற்றுக் கணக்கு இந்தப் பாதையில் செல்லாது. செங்கடலின் வடபாதியில் பெரும்பாலும் வடமேற்குக் காற்றே எதிரே வீசும். மத்தியதரைக் கடலிலும் மேற்குக் காற்று மிகுதி. சதுரப் பாய்க் கப்பல் மிகவும் திணறும் கடல்கள் இவை இரண்டும். அவற்றைக் கடந்து அட்லாண்டிக்கையும் தாண்டியதில் கப்பலின் உறுதியும் ஓட்டியவர்களின் கைப்பழக்கமும் ஒருங்கே தெரிகின்றன. ரொபின்சன் 1942 இல் தமக்கென்று கட்டிய 70 அடி நீள ‘வருவா’வும் பிரிகன்டைன்தான்.

அதே 1942 இல் ரங்கூன் ஜப்பானியர் வசமாகி, அரிசிப் பயணம் நின்றது. போருக்குப் பின் இலங்கையும் இந்தியாவும் தனித்தனிச் சுதந்திர நாடுகளாகிச் சுங்கம், குடிவரவு, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த இரவில் வடகரையிலும் பல கலங்கள் நொறுங்கின. இயந்திரப் படகுகள் பெருகியபின், பெரிய பாய்க்கப்பலுக்கு ஏரா வைக்கும் வேலை வல்வெட்டித்துறைக் கரையில் இல்லாமற்போயிற்று.