விடுதி உணவும் மாணவர் அரசியலும்

கல்லூரி மாணவரின் அரசியல் அடையாளம் நூலகத்திலோ கட்சி வகுப்பிலோ பிறப்பதாக எழுதுவோர் பலர். குஜராத்தின் நவநிர்மாண் இயக்கம் அதற்கு இடந்தரவில்லை. 1973 டிசம்பரில் அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதியில் உணவுக் கட்டணம் 20 விழுக்காடு உயர்ந்தது. மாணவர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எண்ணெயும் தானியமும் ஏன் விலையேறின என்ற வினா எழுந்ததும் விடுதி நிர்வாகம் பின்னுக்குப் போயிற்று; சட்டமன்றம் முன்னே வந்தது. வீட்டுச் செலவால் நொந்திருந்த நகர மக்களும் உடன் சேர்ந்தனர். 1974 பிப்ரவரியில் முதலமைச்சர் சிமன்பாய் படேல் பதவி விலகினார் (அவரும் பொருளியல் ஆசிரியராக இருந்தவரே). மார்ச்சில் சட்டமன்றமே கலைக்கப்பட்டது.

அதே மார்ச்சில் பாட்னா கொதித்தது. 1973இல் பாட்னா பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர் லாலு பிரசாத். பொதுச்செயலாளர் சுசில் குமார் மோடி. ஒருவர் சோசலிச முகாம், மற்றவர் வித்யார்த்தி பரிஷத். ஜெயப்பிரகாஷ் நாராயணின் பின்னே இருவரும் ஒருங்கே நின்றனர். பொது எதிரி இருந்தவரை அவ்வேறுபாடு அடங்கிக் கிடந்தது. பிற்காலப் பீகார் அரசியலோ அவ்விருவரின் பகையைச் சுற்றியே பெரிதும் சுழன்றது. மாணவர் இயக்க வரலாறுகள் இந்த இடத்தில்தான் நின்று நிதானிக்க வேண்டும் என்பேன். சிமன்பாய், 1990இல் பாரதிய ஜனதா ஆதரவுடன் மீண்டும் முதலமைச்சரானார்.