திருப்பத்தூரில் ஒரு பெரியண்ணன், ஒரு சின்னண்ணன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று ஒன்று இருக்கிறது. 1921-ல் தொடங்கியது. தொடங்கிய இருவருமே டாக்டர்கள். ஒருவர் நம் தமிழர், சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆசிரமத்தில் இயேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக வாழ்ந்தார். இதை நினைத்தாலே எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பேட்டன் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? அலோவா என்ற ஊரில் பெரிய கம்பளி நூல் ஆலை வைத்திருந்த குடும்பம். ஸ்வெட்டர் பின்னும் 'பேட்டன்ஸ்' நூல் அவர்களுடையதுதான். அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து கதர் உடுத்தினார். தறிச் சத்தத்தில் வளர்ந்த செவிலிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 1932-ல் சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்றவரைப் போலீஸ் தடியால் அடித்தது, சாயத் தண்ணீரையும் பீய்ச்சியது. லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழும் அளவுக்கு அது போனது.

கிறிஸ்தவன் என்றால் கோட்டும் பெஞ்சும் கூடவே வரும் என்று இருந்த காலம் அது. இவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள், சைவம் சாப்பிட்டார்கள். ஜெபாலயத்தைக் கோபுரமும் கல்தூணுமாகக் கட்டினார்கள். வரதர் கோயில் மண்டபத்தில் விளையாடிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது. "இது ஆள் பிடிக்கிற வேஷம்" என்று நம் உறவினர் ஒருவரே என்னிடம் வாதாடினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வேஷம் என்றால் கொஞ்ச நாளில் கலைந்திருக்கும். இவர்கள் கடைசிவரை அப்படியேதான் வாழ்ந்தார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "சார், சர்ச்சுக்குப் போறேன், வரேன். ஆனா மனசு ஓயவே மாட்டேங்குது. வேலையை விட்டுடலாமான்னு இருக்கு." அதனால்தான் இந்த ஆசிரமம் ஞாபகம் வந்தது. அங்கே ஜெபமும் இருந்தது, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரியும் இருந்தது. இரண்டு டாக்டர்களும் உட்கார்ந்து ஓய்வெடுத்தவர்கள் இல்லை. தமிழ் பைபிளில் ஓய்வுக்கு 'இளைப்பாறுதல்' என்று ஒரு சொல் உண்டு. இளைத்தவனுக்குத்தான் அது. மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில், களைத்தவர்களைக் கூப்பிட்டு அதைத் தருவதாகச் சொல்லும் இயேசு, அடுத்த மூச்சிலேயே நுகத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். வாத்தியாராக எனக்கு இது வெகுகாலம் புதிராக இருந்தது. நம்மூரில் ஏர் பூட்டும்போது நுகத்தடியில் இரண்டு மாடு சேர்ந்து நிற்கும், பாரம் பாதியாகும். பெரியண்ணனும் சின்னண்ணனும் அப்படித்தான் இழுத்திருக்கிறார்கள்.

அம்மா, வேலையை இப்போதைக்கு விடாதே. ஜோலார்பேட்டையில் இறங்கினால் திருப்பத்தூர் பக்கம்தான். ஒருமுறை போய், செருப்பை வாசலில் விட்டுவிட்டு அந்தக் கல்தரையில் உட்கார்ந்து பார். தனியாகப் போகாதே, உன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ.