ஸொம்பிக்கு வாய் இல்லை: 'வேர்ல்ட் வோர் இசட்' நாவலும் மன்னாரின் 1990உம்

மக்ஸ் புரூக்ஸ் 2006இல் எழுதிய 'வேர்ல்ட் வோர் இசட்' நாவலை வாசிச்சவர்கள் ரெண்டு கட்சியாய்ப் பிரிஞ்சிருக்கினம். கதாநாயகன் எண்டு ஒருத்தர் இல்லை, ஒரு ஆளோட மனம் ஒட்ட முதலே அடுத்த ஆள் வந்திடுறார், எல்லாரும் ஒரே மாதிரிக் கதைக்கினம் எண்டு ஒரு கட்சி குறை சொல்லுது. மற்றக் கட்சிக்கு அந்தப் பல குரல்தான் நாவலின் உயிர். சீன வைத்தியர், அமெரிக்கச் சிப்பாய், குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பலுக்கு நீந்திப் போன மனிதர் என ஆளாளுக்குத் தான் கண்டதை மட்டும் சொல்லுவார்கள். 2013இல் பிராட் பிட் நடிச்ச படம் இதையெல்லாம் ஒரே ஹீரோவின் ஓட்டமாக மாத்தினபோது நாவலின் வாசகர்கள் பலர் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

இந்த வடிவம் புரூக்ஸின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரைப் பற்றிச் சாதாரண சனத்தின் வாய்மொழிகளைத் தொகுத்து ஸ்டட்ஸ் டெர்கல் 1984இல் வெளியிட்ட 'த குட் வோர்' தன்னைப் பாதிச்சது எண்டு அவரே சொல்லியிருக்கிறார். நாவலின் முன்னுரையும் வாய்மொழி வரலாற்றின் பிரச்சினையோடதான் தொடங்குது. ஐ.நா. அறிக்கைக்காகச் சாட்சியம் சேகரித்தவரிடம், அறிக்கைக்கு எண்ணிக்கைகள் போதும், உணர்ச்சிகள் வேண்டாம் எண்டு சொல்லி அவர் கொண்டுவந்ததில் பாதியை நீக்கிவிடுகிறார்கள். நீக்கப்பட்டதுதான் நாவல்.

மன்னாரில் இருந்து வாசிக்கிறவருக்கு இது கற்பனை மாதிரித் தெரியாது. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு இங்கே அமர்ந்தபோது, ஆயர் இராயப்பு ஜோசப் தலைமையிலான மறைமாவட்டம் ஒரு கணக்கைக் கையளித்தது. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது எண்டு கேட்டார்கள். அது அரச, ஐ.நா. ஆவணங்களில் இருந்தே எடுத்த எண்கள் எண்டபடியால் லேசில் தட்டிவிட முடியவில்லை. ஆனா எண் கேள்வியை மட்டும்தான் கேட்கும். விடை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனிக் குரலாகத்தான் இருக்குது.

இனி 1990. அந்த வருசம் இந்தத் தீவில் இருந்து ரெண்டு திசைக்கு வள்ளங்கள் போயின. ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கினதும் தலைமன்னார், பேசாலைக் கரைகளில் இருந்து தமிழ்ச் சனம் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. மடுவிலும் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் நிறுவனம் நிவாரண நிலையங்கள் திறந்தது. ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் எல்லாம் வெறுமையாகின. பெரும்பாலானோர் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போய்ப் புத்தளத்தில் கொட்டிலடிச்சு இருந்தார்கள். வட மாகாணம் முழுவதிலும் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் எண்டு மதிப்பிடுகிறார்கள். அலங் அத்தியாயத்தை வாசிக்கேக்க எனக்கு இந்த ரெண்டு கரையும்தான் வந்து நிண்டது.

புரூக்ஸோட என் பிணக்கும் இங்கேதான் தொடங்குது. வாசகர்கள் 'எல்லாக் குரலும் ஒண்டு மாதிரி' எண்டு சொல்லுறது நடையைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒண்டு தெரியுது. அத்தனை பேரும் ஒரே பக்கத்து ஆட்கள். எதிரில் நிற்கிறது ஸொம்பி. அதுக்கு வாய் இல்லை, ஊர் இல்லை, தாய் இல்லை. அதனால எத்தனை பேர் சாட்சி சொன்னாலும் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுத்து எழும்ப வேண்டிய தேவை பெரிசா வராது.

வரலாற்றில் அந்த வசதி கிடையாது. இராமேஸ்வரத்துக்கு ஓடிய தமிழ்க் குடும்பத்தின் கதையில் பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள். அதே வருசம் கற்பிட்டிக்குப் போன குடும்பத்தின் கதையில், துவக்கோட வாசலில் நிண்டவன் எங்கட பெடியன். பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டு நிண்டவர்கள் நாங்கள். சிலர் அழுதார்கள், சிலர் வீட்டுத் திறப்பை வாங்கி வைத்தார்கள், சிலர் சாமான்களை எடுத்தார்கள். எங்கட கதைக்குள்ள மட்டும் இருந்தால் அந்த வாசல் தெரியாது. மற்றவரை வாயில்லாததாக நினைக்கிறது எவ்வளவு சுகம் எண்டும் விளங்காது.

முஸ்லிம்களின் சாட்சியங்கள் பிறகு பதிவாகின. தமிழரின் சாட்சியங்களும் பதிவாகின. ஆனா அவை பெரும்பாலும் வேற வேற புத்தகத்தில், வேற வேற அலுமாரியில் இருக்குது. எருக்கலம்பிட்டிக் குரலுக்கு அடுத்த பக்கத்திலேயே பேசாலைக் குரல் வரவேணும். ஒண்டை ஒண்டு மறுத்தால் மறுக்கட்டும், தொகுக்கிறவர் நடுவில புகுந்து சமரசம் செய்யத் தேவையில்லை.

1990இல் நாற்பது வயதில் இருந்தவர்கள் இப்ப எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கையில் போன் இருக்கிற எங்களுக்கு ஒலிப்பதிவு பெரிய வேலை இல்லை. முதல்ல எங்கட வீட்டு ஆட்களிடம் கேட்க வேண்டியது: "நீங்கள் எப்படித் தப்பினீங்கள்" மட்டும் இல்லை, "அவையள் போகேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"