மரிக்கொழுந்துப் பாசி போகும் வழி

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, காலில் அலுமினியத் தகடு கட்டி மன்னார் வளைகுடாவில் முங்குகிறார்கள். பாசி எடுப்பு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான். பாறையை இறுகப் பற்றியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியை மூச்சடக்கிப் பிய்த்துப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். அறுபது வயதிலும் முங்குகிறவர்கள் உண்டு. கரையில் காய்ந்த பாசி சாக்கு மூட்டையாகி, வியாபாரி கைமாறி, மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது.

அங்கே அதைக் கழுவி, வேகவைத்து, வடிகட்டி, உறையவைத்து, நீரைப் பிரித்துக் காயவைத்தால் அகார். நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து வில்லை போடுகிறார்களே, அதே கடல்பாசிதான்.

சோதனைக்கூடத்துக்குள் அது நுழைந்ததும் சமையலறை வழியாகத்தான். 1881-இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே கிருமி வளர்த்த ஜெலட்டின் கோடை வெப்பத்தில் இளகிப்போனது. மனைவி ஃபானி, தான் ஜெல்லி செய்யும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை அது உருகாது; பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. மறுவருடம், ஹெஸ்ஸே வழியாக அதை அறிந்த கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக் எழுதிய கட்டுரையில் அகார் இருந்தது, ஃபானி இல்லை.

மூப்பு ஆராய்ச்சிக்கும் இதே அகார்தான் தரை. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழு, அகார் தட்டில் பரப்பிய பாக்டீரியாவைத் தின்று இரண்டு மூன்று வாரத்தில் கிழடாகிச் சாகும். மனிதர்களை வைத்து மூப்பை இப்படி முழுதாகப் பார்க்க ஓர் ஆராய்ச்சியாளரின் ஆயுள் போதாது. 1993-இல் சிந்தியா கென்யன் குழு, டாஃப்-2 என்ற ஒற்றை மரபணு மாறிய புழு இரு மடங்கு காலம் வாழ்வதைக் கண்டது. மூப்பு வெறும் தேய்மானம் என்ற நம்பிக்கை அதில் ஆட்டம் கண்டது. 1995 முதல் அமெரிக்க அரசு நேதன் ஷாக் மையங்கள் என்ற பெயரில் மூப்பின் உயிரியலுக்கென்றே ஆய்வு மையங்களுக்குப் பணம் தருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ‘லாஞ்செவிட்டி இந்தியா’ என்ற மூப்பு ஆய்வுத் திட்டம் நடக்கிறது.

புழுவின் ஆயுளைக் கணக்கிடும் முறை எளிது: பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொட வேண்டும், அசையாவிட்டால் செத்ததாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தட்டிலுள்ள அகார் மொராக்கோவிலிருந்தும் வந்திருக்கலாம், பாம்பனிலிருந்தும் வந்திருக்கலாம். ஆய்வுக் கட்டுரையில் புழுவின் வம்சம், பாக்டீரியாவின் வகை, வெப்பநிலை எல்லாம் இருக்கும். அகாருக்கு, விற்ற கம்பெனியின் பெயரோடு சரி.